ஆறு சிஸ்டம், ஒரே ஆள்: மிட்பாயிண்ட் 4.8, பதினாறு மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல் லேப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் 2023 கடைசியில் ஒருநாள் செல்போனை நீட்டிக்கொண்டே சர்வர் ரூமுக்கு வந்தார். "ஏனுங்க தம்பி, நான் சங்கத்துல கடனே வாங்கலைங்களே, இதுல மாசம் நாலாயிரம் புடிச்சிருக்குதுங்களே?" வாங்கிப் பார்த்தால் அது அவருடைய சம்பளச் சீட்டே இல்லை. அதே பெயர், அதே இனிஷியல், எங்கள் குழுமத்தின் இன்னொரு கல்லூரியில் வேலை செய்யும் வேறொருவருடையது. அவர் எவ்வளவு வாங்குகிறார், எங்கே கடன் வைத்திருக்கிறார் எல்லாம் இவர் கையில், இவருடையது அவர் கையில். சம்பளப் பிரிவின் ஷீட்டில் பணியாளர் எண் இருக்கிறது, மெயில் முகவரி இல்லை. மெயில் பக்கம் முகவரி இருக்கிறது, பணியாளர் எண் இல்லை. இரண்டையும் பெயரை வைத்து எக்செல்லில் பொருத்தியிருந்தார்கள். பொருத்தியவரைக் குறை சொல்ல முடியாது, பெயரைத் தவிர வேறு எதுவும் அவரிடம் இல்லை.

அன்றைக்குத்தான் இதை இப்படியே விடக்கூடாது என்று உட்கார்ந்தோம். கொங்குப் பக்கத்துக் கல்லூரிக் குழுமம், மாணவர்களையும் சேர்த்து ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள், ஆறு சிஸ்டங்கள்: எச்.ஆர். டேட்டாபேஸ், மாணவர் சேர்க்கை டேட்டாபேஸ், லேப் கம்ப்யூட்டர்களுக்கான ஆக்டிவ் டைரக்டரி (லாகின் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட்டின் டைரக்டரி), வைஃபைக்கும் நூலகத்துக்கும் அதே மாதிரி ஒரு ஓப்பன்எல்டாப் (கீழே சுருக்கமாக எல்டாப்), மெயில், அப்புறம் விரல்ரேகை வருகைப்பதிவு மெஷின். ஆறிலும் ஒரே ஆள் ஆறு விதமாக இருந்தார். இதைச் சரிசெய்ய நாங்கள் எடுத்தது மிட்பாயிண்ட் என்ற அடையாள மேலாண்மை மென்பொருள், அதாவது எந்த சிஸ்டத்தில் யார் யார் என்பதை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்வது. பதினாறு மாதமாக ஓடுகிறது. எங்களைப் போல சின்ன ஐ.டி. குழுவை வைத்துக்கொண்டு கல்லூரி, மருத்துவமனை, மில் என்று பார்த்துக்கொள்பவர்கள் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மிட்பாயிண்ட் ஸ்லோவாக்கியாவில் இருக்கும் எவோல்வியம் என்ற கம்பெனி 2011-லிருந்து செய்துவரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். 4.8 என்பது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2023 அக்டோபரில் வந்தது. மென்பொருளுக்குக் காசில்லை, ஆதரவு வேண்டுமென்றால் சந்தா. இது வேறு சிஸ்டங்களோடு பேசப் பயன்படுத்தும் கனெக்டர் முறை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காலத்தில் பிறந்தது. 2010-ல் ஆரக்கிள் சன்னை வாங்கியபின் சன்னுடைய அடையாள மேலாண்மைப் பொருள் மெல்ல நிறுத்தப்பட்டது, ஆனால் அந்தக் கனெக்டர்களின் மூலநிரல் ஓப்பன் சோர்ஸாக இருந்ததால் கன்ஐடி என்ற பெயரில் தொடர்ந்தது. அதனால் ஆக்டிவ் டைரக்டரி, எல்டாப், டேட்டாபேஸ் டேபிள், சிஎஸ்வி ஃபைல் ஆகியவற்றுக்கெல்லாம் கனெக்டர் தயாராகவே கிடைக்கிறது. எங்களுக்கு அந்த நான்குமே போதுமானதாக இருந்தது.

சரி, இது என்ன செய்கிறது? ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு விவரத்தைக் காப்பி அடிப்பது யாருக்கும் முடியும், ஒரு ஸ்கிரிப்ட் போதும், எங்களிடமும் முன்பு வெளியாள் ஒருவர் எழுதித்தந்த ஸ்கிரிப்ட் ராத்திரி ராத்திரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மிட்பாயிண்ட் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவு வைத்து, அந்த ஆளுக்கு எந்தெந்த சிஸ்டத்தில் எந்தக் கணக்கு என்று இணைத்து வைத்துக்கொள்கிறது. 4.8-ல் அந்தக் கணக்குகளின் முழு விவரத்தையும் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்வதில்லை, அடையாளங்களையும் இணைப்பையும் மட்டும் நிழல் என்ற பெயரில் வைத்திருக்கிறது, மற்றதைத் தேவைப்படும்போது அந்தந்த சிஸ்டத்திடமே கேட்டுக்கொள்கிறது. இதைவிட முக்கியம், ஒவ்வொரு புலத்துக்கும் யார் சொல்வது கடைசிச் சொல் என்று நம்மிடம் கேட்கிறது. பெயருக்கு யார், போன் நம்பருக்கு யார், துறைக்கு யார். இந்தக் கேள்விக்கு எங்கள் கல்லூரியில் யாரிடமும் பதில் இல்லை. முதல் ஆறு வாரம் மென்பொருளில் ஒரு வரிகூட எழுதவில்லை, எச்.ஆர்., சேர்க்கைப் பிரிவு, நூலகம், கணக்குப் பிரிவு நால்வரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து இதைத்தான் பேசினோம். இந்த வேலையை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்யாது. ஆனால் மிட்பாயிண்ட் அதைச் செய்யாமல் நம்மை நகர விடாது, அதுவே எனக்கு இதன் பெரிய பலமாகத் தெரிகிறது.

பெயரில்தான் அதிக நேரம் போனது. நமக்கு இனிஷியல் முன்னால் வரும், அல்லது பின்னால் வரும், அல்லது அப்பா பெயராக விரியும், சிலருக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்து இரண்டு இனிஷியல். செந்தில் என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் 'டிஎச்' போட்டு எழுதுவார், ஒருவர் வெறும் 'டி' போடுவார், 'குமார்' ஒட்டியும் இருக்கும் தனியாகவும் இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் உலகம் குடும்பப்பெயர் என்று ஒன்றை எதிர்பார்க்கிறது. எல்டாப்பில் ஆளுக்கான அடிப்படை வகையில் குடும்பப்பெயர் கட்டாயம், அதை விட்டுவிட்டால் பதிவே ஏறாது. ஆக்டிவ் டைரக்டரியில் அது கட்டாயமில்லை. இதன் விளைவை எங்கள் டேட்டாவில் கண்ணால் பார்த்தேன்: ஒரே ஆளுக்கு ஆக்டிவ் டைரக்டரியில் குடும்பப்பெயர் காலி, எல்டாப்பில் அதே இடத்தில் ஒரு புள்ளி. சிலருக்குப் புள்ளிக்குப் பதில் பெயரையே இரண்டாம் தடவை போட்டிருந்தார்கள், ஒரு பேராசிரியையின் பெயருக்குப் பக்கத்தில் 'மேடம்' என்றே இருந்தது. ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் கணக்குத் திறக்கும்போது அந்தக் கட்டாயக் கட்டத்தைத் தாண்ட எதையாவது போட்டிருக்கிறார்கள்.

இப்போது விதி ஒன்றுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதுவே எச்.ஆரில் பெயர். அதிலிருந்து இனிஷியலைப் பிரித்து குடும்பப்பெயர் இடத்தில் வைக்கிறோம், இனிஷியலே இல்லாதவர்களுக்குப் பெயரையே வைக்கிறோம், இரண்டு டைரக்டரிக்கும் இதே ஒரு மேப்பிங்கிலிருந்துதான் (எந்த விவரம் எங்கே எப்படிப் போக வேண்டும் என்ற விதி) போகிறது. லாகின் பெயரும் அப்படியே. ஆக்டிவ் டைரக்டரியின் பழைய பாணி லாகின் பெயர் 20 எழுத்துக்கு மேல் போகாது, மீனாட்சிசுந்தரேஸ்வரன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 22 எழுத்து வருகிறது. முன்பு இதை ஒவ்வொருவர் ஒவ்வொரு இடத்தில் வெட்டியிருந்தார்கள். இப்போது மேப்பிங்கில் குரூவி மொழியில் நான்கு வரி எழுதி எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டுகிறோம், அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் மிட்பாயிண்டே அடுத்த எண்ணைச் சேர்த்து மறுபடி முயல்கிறது. இந்த மறுமுயற்சி வசதி உள்ளேயே இருக்கிறது, நாம் எழுத வேண்டியதில்லை.

மேப்பிங்குகளுக்கு மூன்று பலம் உண்டு, இதைப் புரிந்துகொள்ளாமல் தொடங்காதீர்கள். வலுவானது என்றால் மூலத்தில், அதாவது விவரம் புறப்படும் சிஸ்டத்தில், இருப்பதே எப்போதும் நிற்கும், போன இடத்தில் யார் மாற்றினாலும் திரும்பப் பழையபடி ஆக்கிவிடும். சாதாரணம் என்றால் கடைசியாக நடந்த மாற்றம் நிற்கும். பலவீனம் என்றால் அந்த இடம் காலியாக இருந்தால் மட்டும் நிரப்பும். எதுவும் குறிப்பிடாவிட்டால் சாதாரணம். நான் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வலுவாக்கி வைத்தேன், அதுதான் ஒழுங்கு என்று நினைத்து. நூலகப் பக்கம் பேராசிரியர்கள் தாங்களே புதுப்பித்திருந்த செல் நம்பர்கள் அன்றிரவே எச்.ஆரில் இருந்த பழைய நம்பர்களாக மாறிவிட்டன, புத்தகம் திருப்பித் தரச் சொல்லும் செய்திகள் எங்கெங்கோ போயின. அது முழுக்க என்னுடைய தவறு. மென்பொருள் நான் சொன்னதைத்தான் செய்தது. போன் நம்பருக்கு ஆளே உரிமையாளர், எச்.ஆர். அதை முதல் நாள் நிரப்பினால் போதும், ஆகவே பலவீனம். பெயர், பிறந்த தேதி, துறை, பணியில் இருக்கிறாரா இல்லையா, இவை மட்டும் வலுவானவை.

அடுத்தது, யார் யார் என்று பொருத்துவது. பணியாளர் எண் இருந்தால் கவலையில்லை, ஆனால் பழைய டைரக்டரிக் கணக்குகளில் பாதிக்கு மேல் அது இல்லை. பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்தால் போதும் என்று எந்த வெளிநாட்டு வழிகாட்டியைப் படித்தாலும் தோன்றும், நம்மூரில் அது போதாது. பள்ளியில் சேர்க்கும்போது வயது கணக்கு வர வேண்டும் என்று வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிகள் ஒரு தலைமுறைக்கே உண்டு. ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் உள்ள இரண்டு பேர் எங்கள் ஏழாயிரத்துக்குள்ளேயே மூன்று ஜோடி இருந்தார்கள். மிட்பாயிண்டில் ஒவ்வொரு விதிக்கும் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு மதிப்பைக் கொடுக்கலாம்: பணியாளர் எண் ஒத்துப்போனால் உடனே இணை, பெயரும் பிறந்த தேதியும் மட்டும் ஒத்துப்போனால் ஒரு மனிதரிடம் கேள். எழுத்து ஒன்றிரண்டு மாறினாலும் கண்டுபிடிக்கும் தேடலும் இருக்கிறது, செந்திலின் 'டிஎச்' சிக்கலுக்கு அது நன்றாகவே உதவியது, ஆனால் அதை வைத்துத் தானாக இணைக்க விடாதீர்கள், சந்தேகப் பட்டியல் தயாரிக்க மட்டும் பயன்படுத்துங்கள். சந்தேகமானவை ஒரு திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்: இந்தக் கணக்கு இந்த ஆளுடையதா, அந்த ஆளுடையதா, இல்லை புது ஆளா. எங்களுக்கு முதல் சுற்றில் 412 வந்தன. எச்.ஆரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் அக்கா ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு மதியங்களில் முடித்துத்தந்தார். "இவரு சிவில்ல இருந்து போனவருங்க, இவரு அந்தப் பஸ் டிரைவரோட மகன்" என்று அவர் சொல்லச்சொல்ல நான் அழுத்திக்கொண்டே போனேன். அந்த அறிவு எந்த டேட்டாபேஸிலும் இல்லை.

ஆராய்ச்சி மாணவர்கள் இன்னொரு தனிக்கதை. சேர்க்கை டேட்டாபேஸில் மாணவராக இருப்பவர் ஒரு ஜூலையில் உதவிப் பேராசிரியராக எச்.ஆரிலும் வந்துவிடுகிறார். பழைய ஸ்கிரிப்ட் அவருக்கு இரண்டாவது லாகின் திறக்கும், பிறகு ஆராய்ச்சிப் படிப்பு முடிந்ததும் மாணவர் கணக்கை மூடும்போது அவருடைய ஃபைல்களும் சேர்ந்து போகும். இப்போது ஒரே ஆளுக்கு இரண்டு மூலம் இணைந்திருக்கிறது, மாணவர் பாத்திரம் போனாலும் ஆசிரியர் பாத்திரம் இருக்கும்வரை லாகின் அப்படியே நிற்கிறது. இது ஒன்றுக்காகவே இவ்வளவு உழைப்பும் தகும் என்பேன்.

ஆதாரைப் பொருத்தும் சாவியாக வைத்தால் என்ன என்று எங்கள் கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். வேண்டாம். ஏழாயிரம் பேருடைய ஆதார் எண்ணை ஆறு சிஸ்டத்துக்கும் அனுப்பி வைப்பது தேவையில்லாத ஆபத்து, பணியாளர் எண்ணும் சேர்க்கை எண்ணும் அதே வேலையைச் செய்யும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒரு ஆளைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படும் தரவு முழுமையாக, துல்லியமாக, ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்மீது பொறுப்பைச் சுமத்துகிறது. அந்தச் சம்பளச் சீட்டு விஷயத்தை நினைத்தால் இது காகிதத்துக்காக எழுதிய வரியாக எனக்குத் தோன்றவில்லை.

தினசரி ஓட்டத்துக்கு வருகிறேன். மாற்றங்களை உடனுக்குடன் எடுப்பது ஒரு வேலை, எல்லாக் கணக்குகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பது இன்னொரு வேலை. முதலாவது சில நிமிடங்களுக்கு ஒருமுறை, இரண்டாவது எங்களிடம் ஞாயிறு அதிகாலை. ஒத்துப்பார்க்கும்போது ஒவ்வொரு கணக்கும் ஒரு நிலையில் நிற்கும்: ஆளோடு இணைந்தது, ஆள் கிடைத்தும் இணையாதது, ஆளே இல்லாதது, அங்கே அழிந்துபோனது, ஒன்றுக்கு மேற்பட்டவர் உரிமை கோருவது. ஆளே இல்லாத கணக்குகள் முதல் ஓட்டத்தில் 900-க்கு மேல், அதில் ஒன்று 2014-ல் வேலையை விட்டுப்போனவருடைய லேப் அட்மின் கணக்கு, உயிரோடு இருந்தது. எதையும் உடனே அழிக்கவில்லை. முடக்கி, 90 நாள் வைத்திருந்து, யாரும் கேட்காவிட்டால் அழிக்கிறோம்.

அழிப்பதைப் பற்றிச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். எச்.ஆர். டேட்டாபேஸ் ஒருநாள் காலியாக வந்தால் எல்லாரும் வேலையை விட்டுவிட்டார்கள் என்று எந்த மென்பொருளும் நம்பிவிடலாம். மைக்ரோசாஃப்ட்டின் ஒத்திசைவுக் கருவியான என்ட்ரா கனெக்டில் ஒரே ஓட்டத்தில் 500-க்கு மேல் அழிக்க வந்தால் நிறுத்தும் காவல் ஆரம்பத்திலேயே போட்டு வருகிறது. மிட்பாயிண்டிலும் வரம்பு வைக்கலாம், ஆனால் அதைக் கொள்கை விதியாக நாமே எழுத வேண்டும், மறக்காமல் முதல் நாளே எழுதுங்கள். இதோடு 4.7-லிருந்து ஒத்திகை வசதி இருக்கிறது: மாற்றங்களை உண்மையில் செய்யாமல், செய்திருந்தால் என்னென்ன மாறியிருக்கும் என்று பட்டியல் தருகிறது. செல் நம்பர் குழப்பத்துக்குப் பிறகு ஒத்திகை பார்க்காமல் எந்த மேப்பிங்கையும் நான் உள்ளே விடுவதில்லை.

நூலக சர்வர் இருக்கும் கட்டடத்துக்குத் தனி மின்இணைப்பு, மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் ஒருநாள் முழுக்க நிறுத்தும், யுபிஎஸ் மதியத்தோடு முடிந்துவிடும். அந்த நேரத்தில் யாராவது புதிதாகச் சேர்ந்தால் முன்பெல்லாம் நூலகக் கணக்கு மட்டும் திறக்காமலே விட்டுப்போகும், ஆள் போய்ப் புத்தகம் கேட்டு நின்று திரும்பும்போதுதான் தெரியும். மிட்பாயிண்ட் அப்படிச் செய்ய முடியாமல் போனதைக் கிடப்பில் குறித்து வைத்துக்கொண்டு சர்வர் திரும்பியபின் மறுபடி முயல்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே அதே பெயரில் கணக்கு இருக்கிறது என்றால் அப்படியே தோற்றுப்போகாமல் அந்தக் கணக்கு யாருடையது என்று பொருத்திப் பார்க்கிறது. சின்ன விஷயம்போலத் தோன்றும், எங்கள் உதவிமேசைக்கு வரும் போன்கள் இதனால்தான் அதிகம் குறைந்தன.

குறைகள் உண்டு. கற்றுக்கொள்ளக் கடினம், மிகவும் கடினம். திரையில் வழிகாட்டிகள் வந்துவிட்டன என்றாலும் கொஞ்சம் சிக்கலாகப் போனால் எக்ஸ்எம்எல்லில் இறங்கித்தான் ஆக வேண்டும், குரூவி தெரிந்த ஒருவர் வேண்டும். ஆவணங்கள் ஏராளம், அவர்களே எழுதிய புத்தகமும் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில், ஒன்றைப் புரிந்துகொள்ள இன்னும் மூன்றைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஜாவா 17, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், 8 ஜிபி ரேம் கொடுத்திருக்கிறோம், எங்கள் அளவுக்கு அது சிரமமில்லாமல் ஓடுகிறது.

தமிழ் எழுத்தில் பெயர் வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மிட்பாயிண்ட் பெயர்களை இரண்டு வடிவத்தில் வைக்கிறது, எழுதியபடி ஒன்று, ஒப்பிடுவதற்காகச் சுருக்கியது ஒன்று. அந்தச் சுருக்கும் முறை ஆரம்ப நிலையில் லத்தீன் எழுத்துகளையும் எண்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நம் எழுத்துக்கு அது பொருந்தாது, உள்ளமைவில் எழுத்தைத் தொடாமல் விடும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அதையும் டேட்டாவை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அடையாள அட்டையில் தமிழில் பெயர் அச்சிட வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்திருந்ததால் இதை முதலிலேயே தேடிப் படித்தோம்.

இன்னொன்று, பாஸ்வேர்ட் போன்றவற்றை மறையாக்கம் செய்யும் சாவி ஒரு தனி ஃபைலில் இருக்கிறது. டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு அந்தச் சாவியை விட்டுவிட்டால் மறையாக்கம் செய்த எதையும் மீட்க முடியாது. இரண்டையும் எடுங்கள், வேறு வேறு இடத்தில் வையுங்கள், ஒருமுறையாவது மீட்டுப் பாருங்கள்.

யாருக்கு வேண்டாம் என்றால், இருநூறு பேரும் இரண்டு சிஸ்டமும் உள்ள இடத்துக்கு வேண்டாம். பணியாளர் எண்ணை இரண்டு பக்கமும் ஒழுங்காக ஏற்றி, ஒரு நல்ல ஸ்கிரிப்ட் வைத்துக்கொண்டாலே சரியாகிவிடும். எல்லாமே மைக்ரோசாஃப்ட்டில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய ஒத்திசைவுக் கருவியே போதும், அரை மணிக்கு ஒருமுறை ஓடுகிறது, பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை. நான்கு ஐந்து சிஸ்டம், இரண்டு மூன்று மூலம், ஒரே ஆள் இரண்டு வேடத்தில் வரும் இடம், அங்கேதான் மிட்பாயிண்டுக்குச் செலவழிக்கும் மாதங்கள் திரும்பக் கிடைக்கும். எங்களுக்கு முழுதாக நிலைக்க ஏழு மாதம் ஆனது, இருவர் வேலை.

சம்பளச் சீட்டு இப்போது பணியாளர் எண்ணை வைத்து மிட்பாயிண்டிலிருந்தே முகவரியை எடுத்துக்கொள்கிறது. லேப் அண்ணன் இன்றும் மாதம் பிறந்ததும் சீட்டைத் திறந்து முதலில் கடன் வரியைப் பார்க்கிறாராம், இந்த மாதம் கேட்டபோது "சரியா இருக்குதுங்க தம்பி" என்றார். பாக்கி இருப்பது வருகைப்பதிவு மெஷின் மட்டும்தான். அதில் பெயரே ஏற்றவில்லை, எண் மட்டும், அந்த எண்ணும் பணியாளர் எண்ணில்லை, மெஷின் வந்த நாளில் வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டது. அந்த வரிசைப் பட்டியலின் ஒரு ஜெராக்ஸ் எச்.ஆர். அக்காவின் மேசை டிராயரில் இருக்கிறது, அடுத்த வாரம் அதை வைத்துக்கொண்டு இருவரும் உட்காரப் போகிறோம்.